சண்முகக்கனிக்கு வைத்த வெளிச்சம்

மற்ற வியாபாரிகள் தாங்கள் விற்ற சரக்கு சரியில்லை என்றால் திட்டு வாங்குவார்கள். போட்டோ ஸ்டூடியோக்காரன் மட்டும்தான் வாடிக்கையாளர் தன் கழுத்துக்கு மேல் கொண்டுவந்த சரக்குக்கும் சேர்த்துத் திட்டு வாங்குகிறவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் ஸ்டூடியோ போட்டேன். உங்களில் ஸ்டூடியோ வைத்து நொந்தவர்கள் கொஞ்சம் பேர் இருப்பீர்கள். ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்து, வந்த படத்தைப் பார்த்து நொந்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். இரண்டு கட்சியும் என் சொந்தக்காரர்கள்தான், அதனால் தயங்காமல் சொல்கிறேன். ஒரு முகத்தை நல்லபடியாகக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு நான் பட்ட பாடு இது. நான் பட்டதாவது பரவாயில்லை. என் ஆசைக்காக இன்னொருத்தி பட்டதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

பவுடர் டப்பா

ஸ்டூடியோ என்றால் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா மூன்றும் இருந்தே ஆக வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் பஸ் ஏறி இறங்கி வருகிறவர்கள், வேர்வையைக்கூடத் துடைக்காமல் அதன் மேலேயே பவுடரை அப்பிக்கொள்வார்கள். நல்ல கருத்த முகம், விளக்கைப் போட்டால் மினுமினுவென்று இருக்க வேண்டியது, பவுடருக்குப் பிறகு சாம்பல் பூசிய பானை மாதிரி ஆகிவிடும். நெற்றி தனியாக, மூக்கு தனியாக, தாடை தனியாகத் திட்டுத் திட்டாக நிற்கும். படம் வந்ததும் பவுடரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். என்னைத்தான் சொல்வார்கள்.

ஒருநாள் டப்பாவைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு, ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் சலவைத் துண்டும் வைத்தேன். முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு அப்படியே வந்து உட்காருங்கள், மீதியை வெளிச்சம் பார்த்துக்கொள்ளும் என்று வந்தவர்களிடமெல்லாம் பிரசங்கம் செய்தேன். தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளை ஒருவர் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடிக்குப் பின்னால் தேடினார். மேஜை டிராயரை இழுத்துப் பார்த்தார். பிறகு மாடிப்படியைப் பார்த்து நடந்துகொண்டே சொன்னார்: "ஒரு பவுடர் டப்பா வாங்கி வைக்க வக்கில்ல, எதுக்குவே ஸ்டூடியோ நடத்துதீரு?"

மிச்சப் பாதி

மதுரையில் ஒரு பிலிம் கம்பெனி வெளிச்சம் வைப்பது பற்றி வகுப்பு நடத்தியது. போனேன். விளக்கை முகத்துக்கு நேரே வைக்காதே, பக்கவாட்டில் கொஞ்சம் உயர்த்தி வை, ஒரு கன்னத்தில் வெளிச்சமும் மறு கன்னத்தில் நிழலும் விழட்டும், அப்போதுதான் மூக்குக்கு உயரமும் தாடைக்கு வடிவமும் வரும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு ஞானம் பிறந்த மாதிரி இருந்தது. ஊர் திரும்பியதும் முதலில் சிக்கினவர் ஒரு ஸ்பின்னிங் மில் மேஸ்திரி. மீசை முறுக்கிய, கம்பீரமான முகம். ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் லேசான நிழல், கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் என்று எடுத்தேன். அதற்கு முன்னும் பின்னும் அவர் அவ்வளவு அழகாக இருந்திருக்க மாட்டார்.

படத்தைக் கையில் வாங்கியவர், முன்னால் திருப்பினார், பின்னால் திருப்பினார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிழல் விழுந்த கன்னத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கூடப் பார்த்தார். அவர் கேட்டதில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்: "பாதி மூஞ்சி வந்துட்டு, சரி. மிச்சப் பாதிய வாங்க என்னைக்கு வரட்டும்?"

வேட்டிக்குப் பின்னால் விளக்கு

கடைவீதியில் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை வைத்திருந்த வேலாயுதம் அண்ணாச்சி ஒருநாள் மனைவியோடும் மகளோடும் மாடி ஏறி வந்தார். மகள் பெயர் சண்முகக்கனி. பி.காம். முடித்துவிட்டு அப்பா கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க ஒரு போட்டோ வேண்டும். நல்ல கருப்பு, பெரிய கண். சின்ன வயதில் அம்மை போட்டதில் இரண்டு கன்னத்திலும் குழிக் குழியாகத் தழும்பு. ஏதாவது வேடிக்கையாகக் கேட்டால் உதட்டின் இடது ஓரம் மட்டும் முதலில் சிரிக்கும், மற்றது யோசித்துவிட்டுத்தான் சிரிக்கும். அம்மாக்காரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அந்தத் தழும்பு மட்டும் தெரியாம..." என்று பாதியில் நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது.

தழும்பு என்று நாம் பார்ப்பது தழும்பை அல்ல, அதற்குள் விழுகிற நிழலை. குழிக்குள் நிழல் விழாமல் செய்துவிட்டால் குழி இருப்பதே தெரியாது. நான் என் எட்டு முழ வேட்டியைக் கொடிக்கயிற்றில் விரித்துக் கட்டி, அதற்குப் பின்னால் இரண்டு விளக்குகளை வைத்தேன். வெளிச்சம் ஒரு புள்ளியிலிருந்து வராமல் வேட்டி முழுக்கப் பரவி மெத்தென்று வந்தது. அவள் மடியில் ஒரு தெர்மாகோல் அட்டையைப் படுக்க வைத்து, தாடைக்குக் கீழிருந்த நிழலையும் எடுத்துவிட்டேன். பவுடர் கிடையாது. நிறத்தையும் மாற்றவில்லை. அவள் கருப்பு கருப்பாகவே இருந்தது. ஆனால் அப்படி ஒரு கருப்பை நான் அதுவரை படம் எடுத்ததில்லை. "இம்புட்டு சோலி எதுக்குண்ணே?" என்று அவள் கேட்டபோது அந்த இடது ஓரம் சிரித்தது. பட்டனை அழுத்திவிட்டேன்.

மதுரை லேபிலிருந்து படம் வந்த அன்றைக்கு அண்ணாச்சியே வந்தார். கவரைப் பிரித்துப் பார்த்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். படத்தைக் கையைவிட்டு வைக்கவே இல்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அவர் கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "எம் மவ இம்புட்டு லெச்சணமா இருக்கான்னு எனக்கே இன்னைக்குத்தான் தம்பி தெரியுது."

பார்த்துவிட்டுப் போனவர்கள்

அந்தப் படத்துக்கு உடனே பதில் வந்தது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் பெண் பார்க்க வந்தார்கள். மறுநாள் காலையில் நான் கடை திறக்கும் முன்பே அண்ணாச்சி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

சண்முகக்கனி வந்து கும்பிட்டிருக்கிறாள். மாப்பிள்ளையின் தாயார் கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து ஒருதரம் அதைப் பார்த்திருக்கிறாள், ஒருதரம் இவளைப் பார்த்திருக்கிறாள். "இது இந்தப் பொண்ணோட அக்காளா?" என்று கேட்டிருக்கிறாள். இல்லை, இவள்தான் என்றதும் போட்டோ ஒவ்வொரு கையாகச் சுற்றி வந்திருக்கிறது. கேசரியை யாரும் தொடவில்லை. நான் உள்ளே போய் விளக்குகளைத் துடைக்க ஆரம்பித்தேன். அண்ணாச்சிக்கு என் மேல் வருத்தமில்லை, அதுதான் பெரிய வேதனை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "அவிய எம் பொண்ணப் பாக்கவே இல்ல தம்பி, போட்டோவத்தான் பாத்துக்கிட்டே இருந்தாவ."

தரகரின் பாராட்டு

பெண்ணைப் பிடிக்கவில்லை என்றால் எங்கள் பக்கம் வாயால் சொல்ல மாட்டார்கள். ஜாதகமும் போட்டோவும் கவரில் போட்டபடி திரும்பி வரும், அவ்வளவுதான். சண்முகக்கனியின் கவர் போவதும் வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஆட்கள் ஆசையாக வந்தார்கள், வந்த வேகத்தில் போனார்கள். நான் அம்மாக்காரியிடம், வேறு படம் எடுப்போம், கொஞ்சம் சாதாரணமாக எடுத்துத் தருகிறேன், பார்க்க வருகிறவர்களுக்கு ஏமாற்றம் இருக்காது என்று கெஞ்சிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. "இந்தப் போட்டோ இருக்கப்போயிதான் தம்பி ஆளாவது வருது" என்றாள்.

இதற்கிடையில் என் ஸ்டூடியோவில் கூட்டம் கூடிவிட்டது. அந்தப் படம் எத்தனை வீடுகளுக்குப் போனதோ அத்தனை வீட்டிலும், எடுத்தது யார் என்று விசாரித்திருக்கிறார்கள். கல்யாண வயதில் பெண் வைத்திருந்தவர்களெல்லாம் தேடி வந்து, "அந்த வேட்டி கட்டி எடுப்பீரே, அது" என்று கேட்டார்கள். தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பேர் அது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சந்தோஷப்படுவது? சண்முகக்கனிக்காக அலைந்த தரகர் சுப்பையா ஒருநாள் டீ குடித்தபடியே எனக்குச் சர்டிபிகேட் கொடுத்தார்: "உம்ம போட்டோவுக்கு மாப்பிள்ள வந்துக்கிட்டேதான் இருக்கான் வே, அந்தப் புள்ளைக்குத்தான் ஒருத்தனும் வர மாட்டேங்கான்."

பென்சன் முகம்

ஒரு மாறுதலுக்கு இதைக் கேளுங்கள். இடைசெவல் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி ஒருவர், முதியோர் பென்சன் மனுவில் ஒட்டப் படம் எடுக்க வந்தார். மழை பொய்த்த வருஷம். கம்பும் போய் உளுந்தும் போய், மனிதர் எலும்பும் தோலுமாக இருந்தார். அவ்வளவு சுருக்கம் விழுந்த முகத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா? வேட்டி வெளிச்சத்தில் உட்கார வைத்து எடுத்தேன். படத்தில் மனிதர் பத்து வயது குறைந்து, நாலு கிணறும் தோட்டமும் உள்ளவர் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

படத்தைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. பக்கத்தில் நின்ற தன் ஊர்க்காரரிடம் காட்டினார், அவர் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி டியூப்லைட்டுக்கு நேர் கீழே நிற்க வைத்து, கண் இரண்டும் குழிக்குள் போய், கன்னம் ஒட்டி, பார்த்தவர்கள் பதறுகிற மாதிரி ஒன்று எடுத்துக் கொடுத்த பிறகுதான் போனார். போகும்போது என் நல்ல படத்தை மேஜையிலேயே வைத்துவிட்டுச் சொன்னார்: "இத ஒட்டிக் கொடுத்தா, தாசில்தார் எங்கிட்டதான் கடன் கேப்பாரு."

காபித் தட்டு

சண்முகக்கனிக்கு அடுத்து வந்தது விளாத்திகுளத்து மாப்பிள்ளை. நல்ல வேலை, கெட்ட பழக்கம் இல்லை, வரதட்சிணையில் பிடிவாதம் இல்லை. பெண்ணின் அம்மாக்காரி என்னிடம் வந்து, "தம்பி, அந்த வெளிச்சத்த வீட்டுல வச்சிர முடியுமா?" என்று கேட்டாள். கேட்டதும் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். போட்டோவில் இருப்பதும் அவள் முகம்தானே, நான் ஒன்றும் வேறு முகத்தை ஒட்டவில்லையே, அதே வெளிச்சம் வீட்டில் இருந்தால் அதே முகம் தெரிந்துவிட்டுப் போகிறது! முதல் நாளே போய், வந்தவர்களை உட்கார வைக்கிற முன்கூடமான பட்டாசலில் இருந்த டியூப்லைட்டைக் கழற்றினேன். ஓட்டிலிருந்து தூசி விழுகிறது என்று சொல்லிக்கொள்ளும்படி மேலே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, சுவர்ப் பக்கமாகச் சாய்த்து இறக்கி, பின்னால் பல்புகளை மாட்டினேன். அவள் நிற்க வேண்டிய இடத்தில் ஜமுக்காளத்தின் ஓரம் வருகிற மாதிரி விரித்தோம். தெர்மாகோல் அட்டைக்கு என்ன செய்வது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது சண்முகக்கனிதான் அகலமான எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து, வெள்ளைத் துணி விரித்து, நெஞ்சு உயரத்துக்குப் பிடித்துக் காட்டினாள். "காபி கொண்டாரத்தானே செய்யணும்" என்றாள். அந்த உதட்டோரம் சிரித்தது. தாடைக்குக் கீழே நிழலே இல்லை. அம்மாக்காரி மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நாங்கள் ஒருவரையொருவர் கும்பிட்டுக்கொள்ளாத குறை.

மறுநாள் சாயங்காலம் நான் வீட்டு வேலைக்கு வந்த பையன் மாதிரி சுவிட்சுப் பக்கத்தில் நின்றேன். சண்முகக்கனி தட்டோடு வந்து ஜமுக்காள ஓரத்தில் நின்றாள். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தான். பார்த்த பார்வையில் எனக்கு உயிர் வந்தது. அவன் அம்மா போட்டோவைத் தேடவே இல்லை. அப்போது கரண்ட் போனது. ஜன்னல் பாதி சாத்தியிருந்த பட்டாசலில் யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நிமிஷம் எல்லாரும் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்தார். பருத்தி கமிஷன் வியாபாரி. "இருட்டுக்குள்ள என்னத்தப் பாக்க? பொண்ண வாசலுக்கு வரச் சொல்லுங்க" என்றார். யாரால் தடுக்க முடியும்? என்ன சொல்லித் தடுப்பது?

ஐந்து மணி வெயில், சாய்ந்து, கன்னத்தின் ஓரத்திலிருந்து நேராக அறுத்துக்கொண்டு வந்தது. அம்மைத் தழும்புக்கு அதைவிட மோசமான வெளிச்சத்தை எந்த எதிரியாலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு நிழல். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சண்முகக்கனி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தட்டைப் பிடித்தபடியே நின்றாள், தலையைக் குனியவில்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. தாய்மாமன் அவளைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு, அண்ணாச்சியிடம் தப்பாக நினைக்க வேண்டாம் என்கிற தோரணையில் சொன்னார்: "எங்க தொழில்ல பருத்தியவே வெளிய கொண்டாந்து வெயில்ல பிரிச்சுப் பாத்துட்டுத்தான் விலை சொல்லுதது."

அதே வெயில்

கொஞ்ச நாள் கழித்துச் சண்முகக்கனி, கூடப் படித்த ஒரு பெண்ணைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தாள். புதுப் படம் வேண்டும் என்றாள். நான் வழக்கம்போல் வேட்டியை எடுத்தேன். "அது வேண்டாம்ணே. அன்னைக்கு வாசல்ல வச்சுப் பாத்தாவல்லா, அதே வெளிச்சத்துல எடுங்க" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

விளக்கில் துணி இல்லாமல், பக்கவாட்டில், தாழ்வாக வைத்தேன். அன்றைக்கு வேட்டி கட்டி எந்த நிழலையெல்லாம் எடுத்தேனோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவந்தேன். வெளிச்சம் வைப்பது தெரிந்தவனுக்கு ஒரு முகத்தைக் கெடுப்பதும் நன்றாகத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. காமிராவுக்குள் பார்க்கப் பிடிக்கவில்லை. "சிரிக்காதம்மா" என்று நான் சொல்லவில்லை, அவளாகவே சிரிக்கவில்லை. எழுந்து சேலையைச் சரிசெய்தபடி சொன்னாள்: "இதப் பாத்துட்டும் ஒருத்தன் படியேறி வந்தாம்னா, அவன் எனக்குன்னு வந்தவம்ணே."

குளத்தூர்க்காரர்கள்

ஒருத்தன் வந்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாக்காரி அந்தப் படத்தைக் கையில் தொட மாட்டேன் என்று அழுதிருக்கிறாள். அண்ணாச்சிதான் தரகர் சுப்பையாவிடம் கொடுத்தார். பல மாதம் அது எங்கேயும் எடுபடவில்லை. பிறகு குளத்தூரிலிருந்து உப்பு வியாபாரக் குடும்பம் ஒன்று, படத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதமாகவே வருகிறோம் என்று சொல்லி அனுப்பியது. எனக்குத் தெரிந்த சாமிக்கெல்லாம் நேர்ந்துகொண்டேன். இந்தத் தடவை நான் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

சாயங்காலம் தரகர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். வந்தவர்கள் சண்முகக்கனியைப் பார்த்ததும் அசந்துவிட்டார்களாம். போட்டோவில் இருப்பதைவிட நூறு பங்கு நன்றாக இருக்கிறாளே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டதாம். நான் எழுந்தே நின்றுவிட்டேன். அப்புறம் என்ன என்று கேட்டேன். தரகர் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்தார். பையனின் அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எல்லாரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாளாம். தெருமுனையில் தரகர் ஓடிப்போய் மறித்துக் காரணம் கேட்டதற்கு அவள் சொன்னதை அவர் அப்படியே ஒப்பித்தார்: "நல்லா இருக்கிற புள்ளைய மட்டமா போட்டோ புடிச்சு எவனாவது அனுப்புவானா? இதுக்கும் மேல அங்கன வேற ஏதோ கோளாறு இருக்கு."

அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். ஒரு முகத்தை இருப்பதைவிட நன்றாகவும் காட்டியாயிற்று, மோசமாகவும் காட்டியாயிற்று. இனி என்ன வெளிச்சம் பாக்கி என்று என் மனைவியிடம் கேட்டேன். அவள் கருவாட்டுக்குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "நீங்க அந்தப் புள்ளைய விட்டிருங்க, பாவம், அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

வேலைக்கு ஒரு படம்

விட்டுவிட்டேன். அதற்குள் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. வேட்டியும் வேண்டாம் தெர்மாகோலும் வேண்டாம், எந்த முகத்தையும் ஒரு தட்டுத் தட்டினால் வெள்ளையாக வழித்துக் கொடுத்துவிடலாம். எல்லாருக்கும் அதுதான் பிடித்தது. யாரும் குறை சொல்லவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களும் போட்டோவை நம்புவதை விட்டுவிட்டார்கள் என்று தரகர் சொன்னார். அண்ணாச்சி மகளுக்கு வரன் பார்ப்பதை நிறுத்திவிட்டார் என்றும் அவர்தான் சொன்னார். ஒரு கல்யாண வீட்டில் அண்ணாச்சியைப் பார்த்தேன், பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெயிலைப் பற்றியும் புண்ணாக்கு விலையைப் பற்றியும் பேசினார். மகளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் சண்முகக்கனி தனியாக வந்தாள். காதோரம் நரை தொடங்கியிருந்தது. தூத்துக்குடியில் ஒரு ஆபீசில் கணக்கு வேலைக்கு மனுப் போடப் போவதாகவும், அதில் ஒட்ட ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம் வேண்டும் என்றும் சொன்னாள். அந்த வேலை பின்னால் அவளுக்குக் கிடைத்தது, இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? எனக்குக் கை பரபரத்தது. இவளுக்கு ஒரே ஒரு தடவையாவது உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று பரணில் ஏறி, தூசி படிந்து கிடந்த அந்த வேட்டியை இழுத்து எடுத்தேன். கொடிக்கயிறு எங்கே என்று தேடினேன். விளக்கில் ஒன்று எரிந்தது, ஒன்று எரியவில்லை. அவள் சுவரோரம் டியூப்லைட்டுக்குக் கீழே தானாகவே போய் நின்று, முடியை இரண்டு காதுக்கும் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னாள்: "வேட்டியெல்லாம் எதுக்குண்ணே, ரெண்டு காதும் தெரிஞ்சாப் போதும். இவிய வீட்டுக்கு வந்தெல்லாம் பாக்க மாட்டாவ."

சண்முகக்கனிக்கு நான் படித்த படிப்பையெல்லாம் கொட்டி எடுத்த படங்கள் ஒன்று விடாமல் கவரோடு திரும்பி வந்தன, ஒரு வெளிச்சமும் வைக்காமல் நின்ற வாக்கில் எடுத்த அந்த ஒன்று மட்டும்தான் போன இடத்திலேயே இருந்துகொண்டது.